திருநீற்றில் விழுந்த கறுப்புக் கோடு

எங்கள் பட்டறைக்குக் கேமரா வந்தது, நான் கிளம்பினேன். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது என்று பட்டறை முதலாளி டெய்சி அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வது நிஜம்தான். என்னை வீட்டுக்கு அனுப்பியது என் வலது காது. மெல்லிய உச்ச ஓசைகள் இனி அதில் விழாது என்றார் டாக்டர். வீட்டில் மனைவி கூப்பிடுவதும் அந்தக் கணக்கில் சேருமா என்று கேட்டேன். அது வேறு வியாதி என்றார்.

பழைய சைக்கிள் பிரேம் பார்த்து வாங்குகிறவனுக்குக் காது போவது, சமையல்காரனுக்கு நாக்கு செத்துப் போவது மாதிரி. உப்பு போட்டோமா என்பதை அடுத்தவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் அறுபதுக்குக் காத்திருக்காமல் ஐம்பதுகளின் பாதியிலேயே மரியாதையாக விலகிக்கொண்டேன்.

கேமரா என்றால் கல்யாண வீட்டுக் கேமரா இல்லை. ஒரு நீள வயர், அதன் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கண். அதைச் சைக்கிள் குழாய்க்குள் விட்டால் உள்ளே துரு இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா எல்லாம் போனில் தெரியும். என் இடத்துக்கு வந்திருக்கும் பீர் முகம்மது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஒரு பிரேமுக்குள் அதை விட்டு எனக்குக் காட்டினான். குகைக் கோவிலுக்குள் டார்ச் அடித்த மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, இது இல்லாம இத்தன வருசம் எப்படிப் பாத்திய?"

"பயந்து பயந்து பாத்தேன்."

சிரித்தான். நான் ஜோக் அடித்ததாக நினைத்துவிட்டான். நான் உண்மையைச் சொன்னால் மட்டும் ஜனங்கள் சிரிப்பார்கள். ஜோக் சொன்னால் டாக்டர் மாதிரி பதில் சொல்வார்கள். "அந்தப் பயத்த எழுதிக் குடுங்க அண்ணாச்சி" என்றான் பீர். எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அச்சன்புதூர். அண்ணன் பட்டாளம், தம்பி போலீஸ். நானும் போலீஸ் செலக்‌ஷனுக்குப் போனவன்தான். ஓடச் சொல்லி விசில் ஊதினார்கள். அந்தச் சத்தத்தில் அரண்டு எதிர்ப்பக்கம் ஓடினேன். நல்ல வேகம் என்று அங்கிருந்த ஒருவர் பாராட்டியதாகக்கூட ஞாபகம். அதன் பிறகு தென்காசியில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டி, சக்கரத்தில் கோட்டம் எடுத்து, சில வருடங்கள் ஓடின. அங்கே இருந்துதான் டெய்சி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு போனார்.

டெய்சி அக்கா செங்கோட்டைக்காரர். என்னைவிட மூத்தவர். புனலூரில் இரும்புக் குழாய் நாற்காலி செய்யும் பட்டறையில், குழாயோடு குழாயைப் பித்தளை உருக்கி ஒட்டும் வேலை பார்த்தவர். ஜனங்கள் எடைக்குப் போட்டுவிட்டு ஈயப் பாத்திரம் வாங்கிப் போகும் பழைய சீமைச் சைக்கிள்களை, பெங்களூரிலும் கொச்சியிலும் ஆட்கள் தேடித் தேடி வாங்கி ஓட்டுகிறார்கள் என்பதை எங்கள் பக்கம் முதலில் மோப்பம் பிடித்தவர் அவர். தென்காசியில் ஒரு பட்டறை போட்டார். வாங்குவது, சரி பண்ணுவது, விற்பது. வாங்குகிற வேலைக்கு என்னைப் போட்டார். ஏன் என்னை என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "தைரியசாலி ஒருத்தன் பிரேம் பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். எனக்குப் பயந்தாங்கொள்ளிதான் வேணும்" என்றார். என் வாழ்க்கையில் என் குணத்துக்குச் சம்பளம் கிடைத்தது அந்த ஓரிடத்தில்தான்.

அக்கா குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அது நல்ல செய்தி இல்லை. "ஏலே இசக்கி" என்று கூப்பிட்டால் ஊர் சமாதானமாக இருக்கிறது என்று பொருள். கேரள எல்லையோரச் செங்கோட்டைக்காரர் என்பதால் கோபம் வந்தால் மலையாள மரியாதை வந்துவிடும். "சாரே" என்பார். அந்த ஒரு சொல்லில் எனக்கு முதுகுத்தண்டு வியர்க்கும்.

பிரேம் பார்க்கப் போன இடத்தில் அவர் முதலில் பிரேமைப் பார்க்கமாட்டார். ஒரு செம்பு தண்ணீர் கேட்பார். அதை மெதுவாகக் குடித்து முடிக்கும்வரை வீட்டுக்காரரைப் பேச விடுவார். வண்டி எதற்கு ஓடியது, யார் ஓட்டினார்கள், எங்கே நிறுத்தினார்கள், எல்லாம் அந்தச் செம்புக்குள் வந்துவிடும். பிறகு, "மெல்லே, மெல்லே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்திருப்பார். விற்கிறவர் முன்னால் நல்லது என்றும் சொல்லமாட்டார், கெட்டது என்றும் சொல்லமாட்டார். "அவுக கூட வளந்த பொருளு. அவுக முன்னால அதத் திட்டக் கூடாது" என்பார்.

இனி அவர் பார்க்கும் விதம்.

முதலில் சீட்டுத் தண்டை உருவிப் பார்ப்பார். வெளியே ஒரே பருமன் கொண்ட குழாய்களில், எதற்குள் பருத்த தண்டு இறங்குகிறதோ அதன் சுவர் மெலிசு என்று அர்த்தம். புதிதாக வந்தபோது எனக்கு இது தலைகீழாகப் பட்டது. தடியான இரும்புதானே பலம்? அக்கா இரண்டு பிரேம்களை என் இரண்டு கையிலும் கொடுத்தார். ஒன்று அம்மிக்கல். இன்னொன்று கையில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. "மட்டமான இரும்ப நம்ப முடியாது, அதனால தடியாப் போடுவான். நல்ல உருக்கு கெடச்சவன் மெலிசாப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குவான்" என்றார்.

அடுத்தது ஓசை. பிரேமை, ஹேண்டில் மாட்டும் தலைப்பக்கம் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, சாவியால் மெல்லத் தட்டுவது. நல்ல உருக்கு மணி போல நீளமாக முனகும். துரு தின்ற இடத்திலும், பள்ளத்தை மக்கு என்கிற பசை போட்டு மறைத்த இடத்திலும் 'டொக்' என்று பலகையைத் தட்டியது போல் நின்றுவிடும். மிக உயர்ந்த குழாய்களில் நுனி தடிமனாகவும் நடு மெலிசாகவும் இழுத்திருப்பார்கள். அதைத் தட்டிக்கொண்டே போனால் ஓசை நடுவில் வாய் திறந்து, மறு நுனியில் வாய் மூடும். என் காது இன்று எதையாவது நினைத்து ஏங்குகிறது என்றால் அந்த ஓசையைத்தான். பாட்டுக் கச்சேரியை இல்லை.

அப்புறம் துணியில் சுற்றிய காந்தம். மக்கு போட்ட இடத்தில் பிடி விட்டுவிடும். பின்சக்கரம் மாட்டும் இடத்திலிருந்து ஒரு நூலைக் கிளப்பி, தலையைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவந்து, நடுக் குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி இருபுறமும் ஒன்றா என்று பார்ப்பது. கண்ணை மூடிக்கொண்டு கீழ்க் குழாயின் அடிவயிற்றைக் கட்டைவிரலால் தடவுவது. எங்கேயாவது நேராக மோதிய வண்டி என்றால், கழுத்துக்குச் சற்றுக் கீழே தோலில் சுருக்கம் மாதிரி ஒரு மேடு விரலுக்குத் தட்டும். கண்ணுக்குத் தெரியாது.

கடைசியாக விரிசல் சோதனை. மூட்டுகளில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி தூவ வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளையில் கறுப்புக் கோடாக எழும். அக்கா இதற்கு முகப்பவுடர் வைத்திருந்தார். நான் திருநீறு வைத்திருந்தேன். சோதனையும் ஆச்சு, பிரார்த்தனையும் ஆச்சு. அக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். என் திருநீற்றைப் பார்த்து, "ஒன் சாமி விரிசலக் காட்டுமா, அடைக்குமாலே?" என்று மட்டும் கேட்டார்.

இப்படியே பல வருடம் போயிற்று. நான் பார்த்து அனுப்பிய எந்தப் பிரேமும் ரோட்டில் உடைந்ததில்லை. அதனால் பயம் குறைந்திருக்க வேண்டும் இல்லையா? வட்டி போட்டுக் கூடியது.

இந்த நேரத்தில் மகேஸ்வரி ஏட்டம்மா வந்தார். வீரகேரளம்புதூர்ப் பக்கம், போலீஸில் ஏட்டு. நல்ல உயரம். லீவு நாளில் தனியாக மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. கடையில் விற்கிற வண்டியில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கிறது. பழைய சீமைச் சைக்கிளில்தான் அவர் உயரத்துக்குப் பெரிய பிரேம் கிடைக்கும். "கெடச்சா மொத வேலையா கோட்டைவாசல் ஏறி ஆரியங்காவு எறங்கணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். வருகிறபோதெல்லாம் சொன்னார். ஒரு போலீஸ்காரர் ஒரே விஷயத்தை அடிக்கடி சொன்னால் நமக்கு அது விசாரணை மாதிரி இருக்கும்.

அந்த அளவுப் பிரேம் கடைசியில் குற்றாலத்தில் கிடைத்தது. சுடலை அண்ணாச்சி என்று ஒருவர். அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சீசனில் அவர் கைக்கு அடிமையானவர்கள் வரிசையில் நிற்பார்கள். மலை மேல் எஸ்டேட்டில் இருந்த ஒருவர், தேய்த்துவிட்டதில் இடுப்புப் பிடிப்பு போன சந்தோஷத்தில், ஊரைவிட்டுப் போகும்போது தன் சைக்கிளை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது சுடலை அண்ணாச்சிக்கு வயிறு பெருத்து, காலைத் தூக்கி பாரைத் தாண்டிப் போட முடியவில்லை.

அன்றைக்கு அக்கா வரவில்லை. நான் மட்டும் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது.

"என் ஒடம்ப விட இத நல்லா வச்சிருக்கேன் பாத்துக்கிடுங்க" என்றார் சுடலை அண்ணாச்சி.

அவர் உடம்பைப் பார்த்தபோது அது பெரிய சான்றிதழாக எனக்குப் படவில்லை. ஆனால் பிரேமைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். சீட்டுத் தண்டு பருமன். கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினால், அந்த எண்ணெய்ப் பிசுக்குத் தகரக் கொட்டகை முழுக்க ஓசை சுற்றி வந்தது. நடுவில் வாய் திறந்து, நுனியில் மூடியது. மூட்டுகளில் குழாயைப் பிடித்திருக்கும் உறைகளின் ஓரம் வெற்றிலை நுனி போல் சீவியிருந்தது. நூல் இருபுறமும் சரி. அடிவயிறு வழவழப்பு. மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சைக் கம்பியில் சுற்றிக் குழாய்க்குள் நன்றாகச் சுழற்றி எடுத்தேன். துருத்தூள் ஒரு பொட்டு இல்லை. பழுப்பாக, வழுவழுவென்று வந்தது. பழைய கிரீஸ் என்று நினைத்துக்கொண்டேன். திருநீறு தூவிப் பார்த்தேன். குளிரில் ஒரு கோடும் எழவில்லை. இருபது வயதில் போலீஸ் மைதானத்தில் தொலைத்த தைரியம் மொத்தமும் அந்தக் கொட்டகையில் எனக்குத் திரும்பி வந்தது.

வண்டியாகப் பூட்டி ஏட்டம்மாவிடம் கொடுத்தோம். "திருநீறு பூசி விடுங்க அண்ணாச்சி, நாளைக்கே மலைக்குப் போறேன்" என்றார். மூட்டுக்கு மூட்டு தாராளமாகப் பூசிவிட்டேன்.

மறுநாள் காலை. பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போனில் படம் வந்தது. செங்கோட்டையைத் தாண்டி, வெயிலில், வயல் ஓரமாக வண்டியை நிறுத்தி எடுத்திருந்தார். 'சூப்பர் வண்டி அண்ணாச்சி' என்று ஒரு வரி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலையில், சீட்டுக்குக் கீழே, பெடல் கூட்டில், நான் பூசிய வெள்ளையின் நடுவே கறுப்புக் கோடு. ஒரு மூட்டில் இல்லை. எல்லா மூட்டிலும்.

வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டேன்.

ஏட்டம்மாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஓட்டுகிறவர் எப்படி எடுப்பார். அக்காவுக்குப் போட்டேன்.

"அக்கா! விரிசல்! எல்லா மூட்டும்! ஏட்டம்மா ஏறிக்கிட்டு இருக்காவ!"

அந்தப் பக்கம் சாவிக்கொத்து எடுக்கும் சத்தம் கேட்டது.

"சாரே" என்றார் அக்கா. "நீங்க போய் நிப்பாட்டுங்க. நான் பின்னால வாறேன்."

கணக்கு எளிது. புளியரையிலிருந்து கோட்டைவாசல்வரை ஏற்றம். அங்கே பிரேம் விட்டுப்போனால் முட்டி பெயரும், அவ்வளவுதான். கோட்டைவாசல் தாண்டிவிட்டால் ஆரியங்காவுவரை இறக்கம். அந்த வேகத்தில் வளைவில் கழுத்து மூட்டு விட்டால் ஆள் பிழைக்கமுடியாது. உச்சிக்குப் போய்ச் சேருமுன் பிடிக்க வேண்டும். ஸ்கூட்டரை எடுத்தேன். இடுப்பில் சாரம், வீட்டு லுங்கிதான். பனியனுக்கு மேல் ஒரு சட்டை. அதைத் திருப்பிப் போட்டிருந்தேன் என்பது பிற்பாடு தெரிந்தது. பிரஷ் பையில் இருந்தது. ஹெல்மெட் ஆணியில் இருந்தது.

வழி நெடுக என் மூளை படம் ஓட்டியது. பேப்பரில் செய்தி. அண்ணனும் தம்பியும் தலைகுனிந்து நிற்கிறார்கள். மாவட்டத்தில் உள்ள அத்தனை ஸ்டேஷனிலும் என் போட்டோ. புளியரை எஸ் வளைவில் கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப் போகும் லாரி ஒன்று எனக்கு முன்னால். அது பிள்ளைத்தாச்சி மாதிரி அசைந்து அசைந்து ஏறியது. ஹார்ன் அடித்தேன். கெஞ்சினேன். "ஒரு போலீசு உயிரு!" என்று கத்தினேன். டிரைவர் போலீஸ் என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கி, பயந்து இன்னும் மெதுவாகப் போனான். விலகி முந்துவதற்குள் வாயில் வைக்கோல்.

கோட்டைவாசலில், உச்சியில், மரத்தடியில் சைக்கிளைச் சாத்திவைத்து ஏட்டம்மா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கையுறைப் பட்டையை இறுக்கிக்கொண்டு, இறங்கத் தயார்.

"ஏறாதீங்க! ஒடையப் போவுது! ஏறாதீங்க!"

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"ஹெல்மெட் எங்க அண்ணாச்சி?"

"ஏட்டம்மா, பிரேமு..."

"ஹெல்மெட் எங்கன்னு கேக்கேன்."

"வீட்ல."

"தல?"

"இங்கன."

"ரெண்டும் ஒரே எடத்துல இருக்கணும்லா?"

நான் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். ஏட்டம்மா முகம் மாறியது. தாடையை இறுக்கிக்கொண்டு, தான் இறங்கவிருந்த பாதையை ஒரு தடவை பார்த்தார். அதற்குப் பிறகு ஹெல்மெட்டைப் பற்றிப் பேசவில்லை. அதாவது, கொஞ்ச நேரத்துக்கு.

அக்கா தன் வண்டியில் வந்து இறங்கினார். ஓடி வரவில்லை. "ஏட்டம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க" என்றார். மலை உச்சியிலும் அதே செம்பு முறை! எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. குடித்து முடித்துவிட்டு, "மெல்லே, மெல்லே" என்று குனிந்தார். கறுப்புக் கோட்டில் விரலை வைத்தார். எடுத்தார். முகர்ந்தார்.

"சாரே, இந்தப் பிரேமு யாருகிட்ட வாங்குனது?"

"குத்தாலம் சுடலை அண்ணாச்சி."

"அவரு என்ன ஜோலி பாக்காரு?"

"எண்ணெய்..." என்றேன்.

அக்கா விரலை என் மூக்கருகே நீட்டினார். நல்லெண்ணெய். அதில் பச்சிலை வாசம். ஏட்டம்மாவும் முகர்ந்து, "இது அருவிக்குப் போற வழியில வர்ற வாசம்லா?" என்றார். சுடலை அண்ணாச்சிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தோம்.

"அண்ணாச்சி, சைக்கிள் கொழாய்க்குள்ள எதும் ஊத்துவியளா?"

"ஊத்தாம? சீசன் முடிஞ்சா மிச்சம் கெடக்க எண்ணெய சீட்டக் கழத்தி உள்ள விட்டு, தலகீழாப் போட்டு உருட்டி எடுப்பேன். சாரல்ல நிக்க வண்டிக்கு எலும்பு காஞ்சிறக் கூடாதுல்லா? வருசந் தவறாம செய்யுதேன். ஏன், நல்லதுதான?"

நல்லதுதான். துரு அண்டாததன் ரகசியம் அதுதான். வருடக்கணக்கில் உள்ளே இறுகிப்போயிருந்த எண்ணெயை நான் மண்ணெண்ணெய்ப் பஞ்சால் இளக்கிவிட்டேன்; வெயிலும் ஏற்றமும் அதை உருக்கி, உறைகளின் ஓரத்தில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு வழியாக வெளியே அனுப்பியிருக்கின்றன. எண்ணெய் கசிந்தால் விரிசல் என்று சொல்கிற சோதனையை, எண்ணெய் ஊறிய பிரேமிடம் செய்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து சாரத்தை உதறிக் கட்டினேன்.

"சிரிக்காத" என்றார் அக்கா. "இன்னும் பாக்கல."

அந்த நாளில் நான் மறக்கமாட்டாதது இந்த இடம்தான். வேறு யாராக இருந்தாலும் அந்தப் போன் பேச்சோடு நிம்மதியாகி வண்டியை விட்டிருப்பார்கள். அக்கா ஒவ்வொரு கோட்டையும் துடைத்து, அது எந்த வழியாக ஓடுகிறது என்று பார்த்தார். எண்ணெய் உறையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போகும். விரிசல் அப்படிப் போகாது; உறையை விட்டு விலகி, குழாயின் குறுக்கே பிறை மாதிரி வெட்டும். கழுத்து மூட்டு: ஓரம்தான். சீட்டு மூட்டு: ஓரம்தான். பெடல் கூட்டுக்குக் கீழே, ரோட்டிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தவர், ஓரிடத்தில் விரலை நிறுத்தினார்.

"இங்கன ஒண்ணு வெலகுது."

இடது பின்குழாயில், உறையிலிருந்து பிரிந்து, வளைந்து குறுக்கே போகும் ஒரு கோடு.

மறுபடியும் உட்கார்ந்தேன்.

"இசக்கி, பின்சக்கரத்தக் கல்லுல முட்டக் குடுத்துப் பிடி. ஏட்டம்மா, எடது பெடல்ல ஏறி நில்லுங்க. முழு எடையும் குடுங்க. எறங்குங்க. மறுபடி ஏறுங்க."

அக்கா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இழுத்துவிட்டு, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். லாரிகள் எங்களைச் சுற்றிப் போயின. "விரிசல்னா மூச்சு விடும்" என்றார் கீழே இருந்து. "எடை ஏறுனா தொறக்கும், எறங்குனா மூடும். எண்ணெய்ல குமிழ் வரும்." ஏட்டம்மா ஏறினார், இறங்கினார். குமிழ் வரவில்லை. அக்கா என் வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கி, அந்த இடத்துப் பெயிண்டைச் சுரண்டினார். அடியில் உருக்கு, புதுக் கத்தி மாதிரி, ஒரு கீறல் இல்லாமல் மின்னியது. எப்போதோ கல் உரசிப் பெயிண்டில் மட்டும் விழுந்த பிளவு. எண்ணெய் அதற்குள் ஊர்ந்து போயிருக்கிறது.

எழுந்து உடம்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, நீங்க எதுக்கு? நான் போறேன்" என்றேன். இவ்வளவு நேரத்தில் நான் சொன்ன ஒரே வீரமான வாக்கியம். குரல்தான் கிளிக்குஞ்சு மாதிரி வந்தது.

"நம்ம கடை வண்டி. மொத வளைவு எனக்கு" என்றார். அந்த உயரமான பிரேமில் அவர் கால் பெடலை நுனிவிரலால்தான் தொட்டது. அப்படியே இறங்கி, வளைவில் மறைந்தார்.

நானும் ஏட்டம்மாவும் நின்றோம். கீழே ஒரு லாரி ஹார்ன் அடித்தது. நான் அதற்கும் ஒரு கும்பிடு போட்டேன். ஏட்டம்மா என் தோளைப் பிடித்திருந்தார். எனக்கு ஆறுதல் சொல்வதற்காக என்று நினைத்தேன். அடுத்த ஹார்னுக்கு அவர் பிடி இன்னும் இறுகியது.

பிறகு வளைவில் முதலில் அக்காவின் தலை தெரிந்தது. தள்ளிக்கொண்டு வரவில்லை. எழுந்து நின்று மிதித்து, ஏற்றத்தில் ஓட்டியே வந்தார். "எறக்கத்துல கழுத்துக்குச் சோதன, ஏத்தத்துல பெடல் கூட்டுக்குச் சோதன. ரெண்டும் ஆச்சு" என்றார் மூச்சு வாங்க. சைக்கிளை ஏட்டம்மா கையில் கொடுத்தார். "போயிட்டு வாங்க. வண்டி உங்களுக்கு அப்புறமும் இருக்கும்."

ஏட்டம்மா கிளம்பும்போது திரும்பி, "அண்ணாச்சி, உங்க நல்ல மனசுக்காக ஃபைன் போடல. ஸ்கூட்டர புளியரை வரைக்கும் உருட்டிக்கிட்டே எறங்குங்க" என்றார்.

உருட்டினேன். அக்கா தன் வண்டியில் என் பக்கத்திலேயே, நடக்கிற வேகத்தில் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். புளியரை வந்ததும், "ஏலே இசக்கி, சட்டையத் திருப்பிப் போடு" என்றார். ஊர் சமாதானமாகிவிட்டது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு எங்கே பிரேம் பார்க்கப் போனாலும், செம்புத் தண்ணீர் முடிகிற நேரத்தில் "உள்ள எதும் ஊத்துவியளா?" என்று ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது.

நான் விலகிய வாரம் ஏட்டம்மா பட்டறைக்கு வந்தார். அதே சைக்கிள். ஆரியங்காவு இறக்கம் எத்தனை முறை பார்த்ததோ, அவருக்கே கணக்கில்லை. புதுக் கேமரா வந்திருக்கிறதாமே, உள்ளே பார்த்துச் சொல்லுங்கள் என்றார். பீர் முகம்மது சீட்டுத் தண்டை உருவி, வயரை உள்ளே விட்டான். கொஞ்சம் இறங்கியதும் திரை முழுக்கப் பழுப்பாகிக் கலங்கியது. துடைத்துவிட்டு மறுபடி விட்டான். மறுபடியும் கலங்கியது. பீர் முகத்தில் வியர்வை பூத்தது. எனக்கு ரொம்பப் பழக்கமான வியர்வை.

"அக்கா! உள்ள ஒண்ணுமே தெரியல! என்னமோ கசியுது!"

அக்கா தலை நிமிராமல் வேறொரு பிரேமின் மூட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எண்ணெய் தேச்சி ஊறிக்கிட்டு இருக்கவன எட்டிப் பாத்தா வேற என்னலே தெரியும்? கதவச் சாத்திட்டு வா."

ஏட்டம்மா சாவியால் கழுத்துக் குழாயை ஒரு தட்டு தட்டினார். எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் இடது காதைத் திருப்பி வைத்துக்கொண்டேன். ஓசை நீளமாகத்தான் இருந்தது.